நாகலக்ஷ்மி அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

நாகலக்ஷ்மி அக்கா அமெரிக்கா போய்க் கெட்டுப்போய்விட்டாள் என்று எங்கள் உறவில் பேசிக்கொள்கிறார்கள். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கப் போனால்கூட யாராவது ஒரு மாமி என்னை ஓரமாக நிறுத்தி, உன் நாத்தனார் இன்னும் தனியாகத்தான் இருக்கிறாளா என்று விசாரிப்பாள். கேட்கிற தொனியிலேயே பதிலும் இருக்கும். அக்கா சமைத்ததைப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளை அந்த மாமிகளுக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் தமயந்தி. அக்கா என்று நான் சொல்வது என் கணவர் சங்கரனின் மூத்த சகோதரியை. அவர்களுடைய அப்பா கல்கத்தாவில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. ஐம்பத்து நாலில் அவர் போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, என் கணவருக்குப் பதினொன்று. அக்கா அப்போதே டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்திருந்தாள். பதின்மூன்றாம் நாள் முடிந்து, மறுநாள் காலை மாமா ஒருவர் அவளை டல்ஹௌசி ஸ்கொயரில் ஒரு சணல் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். எண்பதில் அந்த நாற்காலியில் அவளுக்கு இருபத்தாறு வருஷம் நிறைந்தது. தம்பியைப் படிக்க வைத்தாள், அவருக்குப் பாங்கில் வேலை கிடைக்கும்வரை வீட்டை நடத்தினாள், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அறுபத்தெட்டில் தம்பிக்கு என்னைக் கல்யாணம் செய்து வைத்தாள். நடுவில் அவளுக்கே இரண்டு வரன்கள் வந்து தானாகவே நின்றுபோனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் நின்றன என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

அவள் நாலரை மணிக்கு எழுந்துவிடுவாள். எட்டரைக்குள் சாம்பார், கறி, பிள்ளைகளின் டிபன் எல்லாம் முடித்துவிட்டு டிராம் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் பிள்ளைகளுக்குப் பாடம். பின்பு மறுபடி அடுப்படி. என் வேலை, அவள் செய்து வைத்ததை எடுத்துப் பரிமாறுவது. நான் பிறவிச் சோம்பேறி ஒன்றுமில்லை. ஆனால் ஒருத்தி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற வீட்டில் இன்னொருத்தி சோம்பேறியாவது ரொம்பச் சுலபம். என் பிள்ளைகள் இருவரும், அக்கம்பக்கத்து வங்காளிக் குழந்தைகளைப் பார்த்து, அத்தையைப் பிஷி என்றுதான் கூப்பிடுவார்கள். பிஷி இல்லாமல் அவர்களுக்கு ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது.

எழுபத்தெட்டு செப்டம்பரில் அவளை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். கம்பளத்துக்கு அடியில் ஒட்டுகிற சணல் துணியைக் கம்பெனி அங்கே ஏற்றுமதி செய்துவந்தது, அந்தச் சரக்கின் தரத்தைப் பற்றி ஒரு வழக்கு. கம்பெனியின் மானேஜர் தத்தா சாகேப்புக்கு எந்தக் கடிதம் எந்தத் தேதியில் போனது என்பது நினைவிருக்காது, அக்காவுக்கு இருக்கும். எட்டு வாரம். அவள் ஏறிப் போன பத்தாம் நாள் கல்கத்தாவில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இந்த நேரம் பார்த்து நீங்கள் போய்விட்டீர்களே என்று நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மழையையும் அவள் கணக்கிலேயே எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அங்கே வக்கீல்களின் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து மேஜை மிலாக்ரோஸ் என்ற டைப்பிஸ்டுடையது. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து குடிவந்த குடும்பம். அக்காவின் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு, தங்கள் பேட்டையில் ஒரு மாதாகோயிலின் கீழ்க்கூடத்துக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு முடியும். ஜோடி ஜோடியாக ஆடுகிற ஆட்டம், சல்சா என்று பெயர். மேடையில் தாளக்காரர்கள் மூன்று பேர், ஒரு டிரம்பெட், ஒரு பியானோ. கூடத்தில் பஸ் டிரைவர், தையல்காரி, பள்ளிக்கூட வாத்தியார், நர்ஸ் என்று எல்லா வயதுக்காரர்களும். மேடையில் ஏறி யாரும் ஆடிக்காட்டுவது கிடையாது. வந்தவர்கள் எல்லாம் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். பார்க்க மட்டும் வந்தவள் அக்கா ஒருத்திதான்.

முதல் ஞாயிறு நாலு மணி நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஞாயிறு அனிபால் என்கிற பஸ் டிரைவர் நேராக அவள் முன்னால் வந்து நின்று, கையை நீட்டினார். அக்கா சட்டென்று எழுந்து, நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு நகர்ந்து நின்றுகொண்டாள். பாவம், நின்று நின்று கால் வலிக்கிறது போலிருக்கிறது, இடம் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தாராம். மிலாக்ரோஸ் ஓடிவந்து விஷயத்தைச் சொன்ன பிறகு மூவருமாகச் சிரித்திருக்கிறார்கள். அக்கா இதைச் சொன்னபோது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் யாராவது அவள் பக்கம் கையை நீட்டினால் எதையாவது கேட்பதற்காகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது அந்த வருஷம் டிசம்பரில், சமையலறைத் தரையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. அந்நிய ஆண்களின் கையைப் பிடித்து ஆடினாள் என்று தெரிந்ததும் நான் முதலில் செய்த காரியம், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியதுதான். எதிர்வீட்டுச் சாட்டர்ஜி மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை. எனக்குக் கோபமும் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் இது என்ன கூத்து என்று பல்லைக் கடித்தேன். ஆனால் மேலே சொல்லுங்கள், மேலே சொல்லுங்கள் என்று நச்சரித்ததும் நான்தான்.

ஆட்டம் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டதாம். எட்டு எண்ணிக்கை. சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் ஆதி தாளம் போட்ட கை அவளுடையது, எட்டை எண்ணுவதில் என்ன கஷ்டம். எட்டில் இரண்டு இடத்தில் கால் வைக்காமல் சும்மா இருக்க வேண்டும், அதுதான் பழக நாளானது என்றாள். மற்றபடி ஸ்டெனோ உத்தியோகம் கைகொடுத்தது. சுருக்கெழுத்து எழுதுகிறவள் பேசுகிறவருக்கு நாலு வார்த்தை பின்னால் ஓட வேண்டும். அடுத்த வார்த்தை இதுதான் என்று முந்திக்கொண்டால் தப்பாகிவிடும். அந்த ஆட்டத்திலும் பெண் அப்படித்தான் காத்திருக்க வேண்டுமாம். எத்தனை வருஷமாக ஆடுகிறாய் என்று அனிபால் கேட்டிருக்கிறார்.

"நம்மாத்து மாதிரி இல்லை, தமயந்தி," என்றாள். "அவா கையில லேசா ஒரு அழுத்தம் குடுப்பா. திரும்பறயான்னு அர்த்தம். இஷ்டம்னா திரும்பலாம். இல்லேன்னா இருந்த எடத்துலயே ஆடலாம். யாரும் தள்ளமாட்டா."

அங்கே ஒரு பாட்டுக்கு ஒரு ஜோடி. பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி நாற்காலிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் கேட்கலாம், பெண் ஆணையும் கேட்கலாம். மாட்டேன் என்றால் அதில் ஒருவருக்கும் மனஸ்தாபம் கிடையாது. கடைசி ஞாயிறு அக்கா தைரியமாகத் தானே போய் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டாளாம். அவர் முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாளாம். அவமானமாக இல்லையா என்று நான் கேட்டேன். கேட்டதே நன்றாக இருந்தது என்றாள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு வெளிப்பார்வைக்கு எல்லாம் பழையபடிதான். அதே நாலரை மணி, அதே டிராம். ஒரே ஒரு விஷயத்தில் மாறியிருந்தாள். எதையும் கேட்டுவிட்டுச் செய்ய ஆரம்பித்தாள். இன்றைக்கு ராத்திரிக்கு நீ சமைக்கிறாயா, நான் சமைக்கட்டுமா என்பாள். இந்தப் புடவையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்பாள். அதோடு விட்டால் பரவாயில்லை, தன்னையும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். பிள்ளைகள் புத்தகத்தைக் கொண்டுவந்து பொத்தென்று மடியில் போட்டால், என்ன வேண்டும் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கிறவரை பேசாமல் இருப்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்காவை ஒரு வேலை செய்யச் சொல்லி வாயைத் திறந்து கேட்டால்தான், ஒரு நாளைக்கு எத்தனை வேலை அவள் தலையில் விழுகிறது என்பது என் காதிலேயே விழுந்தது. அந்த எண்ணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் எங்கள் கையைவிட்டுப் போயின. அவள் ஆபீஸில் டெலிபோன் போர்டில் இருந்த மிஸஸ் பெரேராவின் ஆங்கிலோ இந்தியச் சங்கத்துக்கு ஒரு கூடம் இருந்தது, சியால்தா பக்கத்தில். ஞாயிறு மத்தியானம் அங்கே ரெக்கார்டு போட்டு ஆடுவார்கள். ஜைவ், சாச்சா, இடையில் அக்கா நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த ஒரு காசெட். எங்கே போகிறாய் என்று தம்பி கேட்டதற்கு, ஆடப் போகிறேன் என்று உள்ளதைத்தான் சொன்னாள். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பாங்கில் கூட வேலை செய்கிற ஜெயராமன் அவளை அந்தக் கூடத்து வாசலில் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் ரகளை. பெண் குழந்தை வளர்கிற வீடு, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஒரு மணி நேரம் கத்தினார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறு ரசம் வைத்துவிட்டு, இரண்டரை மணிக்குக் கிளம்பிப் போனாள்.

எண்பதில் என் கணவருக்குப் பிரமோஷனோடு துர்காபூருக்கு மாற்றல் வந்தது. நாங்கள் இருவரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். அதாவது அவர் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். அவரும் நானும் துர்காபூர் போவது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கெடுக்க வேண்டாம், அவர்கள் இங்கேயே அக்காவிடம் இருப்பது. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு எட்டு. நாள் முழுக்க வீட்டில் ஆள் வேண்டும் என்பதால் அக்கா வேலையை விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமைக் கூத்தும் அதோடு தானாக நின்றுவிடும் என்பதை நாங்கள் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, இருவருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடமும் பள்ளிக்கூடத்திலும் சொல்லியாகிவிட்டது. கடைசியாக ஒரு நாள் சாப்பிடும்போது, மோர் சாதத்துக்கு நார்த்தங்காய் கேட்கிற மாதிரி, அவளுக்கும் சொன்னார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னை யாரும் கேக்கலையே, சங்கரா."

கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது, நம் வீட்டுக் குழந்தைகள்தானே என்றார் அவர். கேட்டால் பதில் சொல்கிறேன் என்றாள் அவள். அவ்வளவுதான். ஒரு வாரம் ஓடிற்று. பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளிடம் போய் நான் மனுப் போட வேண்டுமா என்று என்னிடம்தான் பொருமினார். அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் மாட்டேன் என்றால் எங்கள் ஏற்பாடு மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். டேங்கர் இன்னும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நாற்பது டின்கள் இருந்தன, ஆட்கள் பாதிப்பேர் நிழலில் போய் ஒதுங்கியிருந்தார்கள். அங்கேதான் கேட்டேன்.

"அக்கா, குழந்தைகளை வெச்சுண்டு இங்க இருப்பேளா? வேலையை விட்டுட்டு? நான் கேக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நல்ல மனதோடு கேட்கவில்லை. மரியாதையாகக் கேட்டுவிட்டால் அவளால் மறுக்க முடியாது, கேட்கவில்லை என்பதுதானே அவள் குறை, அதைத் தீர்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அக்கா அதைப் புரிந்துகொண்டிருப்பாள். இருந்தாலும் நிஜமாகக் கேட்டவளுக்குச் சொல்கிற மாதிரியே நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அப்பா போனப்போ எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அம்மாவைப் பாத்துக்கறயான்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். சந்தோஷமாச் செஞ்சிருப்பேன். கேக்காமயே எடுத்துண்டுட்டேள். நானாக் குடுத்தேன்னு சொல்லிக்கறதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கலை."

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. நீ கேட்டாயே, அதற்குச் சந்தோஷம் என்றாள். ஆனால் மாட்டேன் என்றாள். டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி விதவை வீட்டு மாடியில் அறை பார்த்திருக்கிறாளாம், அடுத்த மாதம் போகிறாளாம். ஓய்வு வயது வரை வேலை பார்க்கப் போகிறாள். பிள்ளைகளை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், ஞாயிறு மத்தியானம் மட்டும் வேண்டாம்.

டேங்கர் வந்து நின்றது. நிழலில் இருந்தவர்கள் ஓடிவந்து அவரவர் டின்னுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனி என்ன செய்வது, அவருக்கு என்ன பதில் சொல்வது, பிள்ளைகளை எங்கே விடுவது என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா டின்னைக் காலால் ஒரு அடி முன்னால் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு துர்காபூர் போக இஷ்டமா, தமயந்தி? குழந்தைகளை விட்டுட்டு?"

நான் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தேன். அவருக்கு எது சௌகரியம், பள்ளிக்கூடத்துக்கு எது சௌகரியம், அக்காவை எப்படிச் சம்மதிக்க வைப்பது, எல்லாம் யோசித்திருந்தேன். எட்டு வயதுப் பெண்ணை விட்டுவிட்டு ஊர் போக எனக்கு மனம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்றபோதும், கல்கத்தாவில் மாப்பிள்ளை என்றபோதும் தலையை ஆட்டியவள்தான் நான். முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். பின்னாலிருந்தவர் நகருங்கள் தீதி, நகருங்கள் என்று அவசரப்படுத்தினார். அக்கா அவரைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைத் தாண்டி ஏழெட்டு டின்கள் போயின.

"இல்லைக்கா," என்றேன். "இஷ்டமில்லை."

அன்று சாயங்காலம் அவர் பாங்கிலிருந்து வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தேன். துர்காபூருக்கு நான் வரவில்லை, பிள்ளைகளோடு இங்கேயே இருக்கப்போகிறேன் என்றேன். அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.